தம்பியின் வயது

கிடங்கிலிருந்து ஏறி வருகிறவன் முதலில் நகம் வெட்ட வேண்டும். தண்ணீர், சாப்பாடு, கதை எல்லாம் அதற்குப் பிறகுதான். ஒட்ட வெட்டிக்கொண்டு இறங்கிய நகம் இருபது நிமிடத்தில் அரை அங்குலம் வளர்ந்து கையுறைக்குள் மடங்கிக் கிடக்கும். காலில் இன்னும் மோசம். அதற்காகவே எங்களுக்கு இரண்டு அளவு பெரிய சப்பாத்துத் தந்திருந்தார்கள்.

நகவெட்டி தவராசாவின் கழுத்தில் நூலில் தொங்கும். நான் விளிம்புக்கு மேலே வந்து புல்லில் விழுந்ததும், சப்பாத்தைக் கழற்றி என் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொள்வான்.

“டேய் சூசை, உன்ரை தாடியைப் பார். போகேக்கை மாப்பிள்ளை, வரேக்கை சாமியார்.”

“கெதியா வெட்டுங்கோ அண்ணை. குடல் கருகுது.”

“நாலு மாதம் சாப்பிடாதவனுக்குக் கருகாமல்? பொறு, இந்தப் பெருவிரல் ஒண்டு. மாட்டுக் குளம்பு மாதிரிக் கிடக்கு.”

அவனை நான் அண்ணை என்று கூப்பிட்டேன். இங்கே அவன் என்று எழுதுகிறேன். இரண்டுக்கும் காரணம் இருக்கிறது. சொல்கிறேன்.

அது தொண்ணூற்றாறாம் ஆண்டு. பெர்லினில் மதில் விழுந்து நாலு வருடத்தில் கிழக்கில் தொடங்கிய சண்டை ஓடர் ஆற்றங்கரை வரை வந்து நின்றது. முதலில் எங்களுக்குப் பழக்கமான குண்டுகள்தான். பிறகு வந்தவை வெடிக்கவில்லை. சத்தமில்லாமல் மண்ணுக்குள் போய் இருந்துகொண்டன. அவை விழுந்த இடத்தைச் சுற்றி ஒரு வீட்டு வளவு அளவுக்கு எல்லாம் மூத்தது. மரம் மூத்து விழுந்தது. இரும்பு உக்கியது. மாடுகள் கிழடாகிச் செத்தன. இருபது வயதுச் சிப்பாய்ப் பெடியன்கள் இரண்டு நாள் அந்த இடத்தில் பதுங்கிக் கிடந்துவிட்டு, பல் கொட்டி முதுகு கூனி எழும்பி வந்தார்கள். சிலர் எழும்பவேயில்லை. அந்த இடங்களுக்கு ஜெர்மன்காரர் நீளமாக ஒரு பெயர் வைத்திருந்தார்கள். நாங்கள் கிடங்கு என்றோம்.

கிடங்குக்குள் ஒரு மணித்தியாலம் நின்றால் உடம்பில் ஒரு வருடம் போகும். மண்ணைக் கிண்டி, அடியில் தேங்காய் அளவில் இருக்கிற கருவை எடுத்து ஈயப் பெட்டிக்குள் போட்டுவிட்டால் அந்தக் கிடங்கு செத்துவிடும். ஆனால் கரு ஒரு நாளில் அகப்படாது. மெசின்களை இறக்கிப் பார்த்தார்கள், உக்கிப் போயின. மனிதன்தான் இறங்க வேண்டும். தங்கள் ஆட்களை இறக்கக்கூடாது என்று சட்டம் போட்டுவிட்டு, அகதிகளான எங்களுக்கு ஒரு வழி திறந்தார்கள். ஒரு இறக்கம் இருபது நிமிடம். முப்பது இறக்கம் முடித்தவனுக்கு நிரந்தர விசா, மனைவி பிள்ளைகளைக் கூப்பிட அனுமதி. பத்து வருட ஆயுளைக் கொடுத்தால் மிச்ச ஆயுளைக் குடும்பத்தோடு இருந்து கழிக்கலாம்.

என் மனைவி றீற்றாவும் மகள் கவிசாவும் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் ஐந்து வருடமாக இருந்தார்கள். விட்டுவிட்டு வரும்போது கவிசாவுக்கு ஆறு வயது. இப்போது பதினொன்று. நான் கையெழுத்துப் போட்டேன்.

அலுவலகச் சுவரில் ஒரு பெரிய அட்டவணை ஒட்டியிருந்தது. எந்த நாட்டில் பிறந்தவன் எத்தனை வயது வரை இருப்பான் என்று அதில் போட்டிருந்தார்கள். எங்கள் நாட்டு ஆணுக்கு எழுபது. எழுபதில் வயதைக் கழித்து, கிடங்கில் போனதையும் கழித்து, மிச்சம் இருபதுக்குக் கீழே போனால் பிறகு இறங்க விடமாட்டார்கள். அந்த மிச்சத்தை ஒவ்வொருவனுடைய அட்டையிலும் பென்சிலால் எழுதி, ஒவ்வொரு இறக்கத்துக்குப் பிறகும் அழித்து எழுதுவார்கள்.

“எழுபதாம்,” என்றான் தவராசா முதல் நாள், அட்டவணையை அண்ணாந்து பார்த்து. “எங்கடை ஊரில எழுபது வரைக்கும் ஆரடா விட்டவன்? இவங்கள்தான் எங்களை நல்லா வாழ விட்டிருக்கிறாங்கள். சுவரில.”

ஒரு கிடங்குக்கு இரண்டு பேர். ஒருவன் இறங்க, மற்றவன் விளிம்பில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பான். உள்ளே கூப்பிட்டாலும் கேட்காது. நேரம் முடிந்ததும் கயிற்றுக்காரன் மூன்று தரம் சுண்டி இழுப்பான், கீழே நிற்கிறவன் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஏற வேண்டும். அடுத்த முறை ஆள் மாறும். நேரம் பார்க்க ஒரு மணிக்கூடு தந்தார்கள். விளிம்பில் நிற்கிற மனிதனுக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் மணிக்கூட்டை நம்ப ஏலாது. பற்றறி செத்துப்போகும், முள்ளு துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். மூன்றாவது இறக்கத்தில் எங்கள் மணிக்கூடு பன்னிரண்டு நிமிடத்தில் நின்றுவிட்டது. தவராசா அதைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு, செபமாலையை எடுத்தான்.

அவன் பாசையூர்க் கடற்காரன். வலையை விரித்துவிட்டு பத்துப் பத்தாக எண்ணுகிற ஐம்பத்துமூன்று மணி மாதா செபத்தை ஒருமுறை சொல்லி முடித்த பிறகு இழுப்பது அவன் வீட்டில் பழக்கம். அவசரப்படாமலும் இழுபடாமலும் சொன்னால் சரியாக இருபது நிமிடம். நானும் பேசாலையில் அதே செபத்தோடு வளர்ந்தவன்தான். அவன் இறங்கிய நாட்களில் நானும் அப்படித்தான் எண்ணினேன். அலுவலகத்துக்கு நாங்கள் சொல்லவில்லை. கீழே நின்று மண் கிண்டும்போது, தாடி கழுத்தில் ஊர ஊர, மேலே அவன் இப்போது மூன்றாவது பத்தில் நிற்பான் என்று நினைத்துக்கொள்வேன். அது ஒரு ஆறுதல். என் வாழ்நாளை ஒருவன் மணி மணியாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரி.

ஒக்டோபரில் எங்கள் இரண்டு பேருக்கும் முப்பதாவது இறக்கம் முடிந்தது.

விசாக் கடதாசி தருவதற்கு முன்பு ஒரு அளவு எடுக்க வேண்டும் என்றார்கள். அது புதிது. அதுவரைக்கும் வயது என்றால் கடதாசியில் இருக்கிற வயதுதான். இப்போது டார்ம்ஸ்டாட் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு மெசின் வந்திருந்தது. கடைவாய்ப் பல்லில் ஒரு துகள் சீவி அதற்குள் வைத்தால், உடம்பின் வயதைச் சொல்லிவிடும். மெசினோடு வந்தவர் குருமூர்த்தி என்கிற மாணவர், மதுரைப் பக்கம். மொழிபெயர்ப்புக்கும் அவரைத்தான் வைத்துக்கொண்டார்கள்.

நாலாம் நாள் என்னைக் கூப்பிட்டார்கள். அதிகாரி பிறவ் கெஸ்லர் என்கிற ஜெர்மன் மனுசி மேசைக்குப் பின்னால் இருந்தார். குருமூர்த்தி பக்கத்தில் நின்றார்.

“உக்காருங்க சார். ரிசல்ட்ல ஒரு சின்ன ப்ராப்ளம்.”

நான் கதிரையில் இருந்தேன்.

“உங்க வயசு முப்பத்தாறு. டென் இயர்ஸ் கூட்டினா நாப்பத்தாறு வரணும். மெசின் ஐம்பத்தஞ்சு காட்டுது. மூணு வாட்டி செக் பண்ணிட்டேன். ஒம்பது வருஷம் எக்ஸ்ட்ராவா போயிருக்கு உங்க பாடியில.”

எனக்கு உடனே விளங்கிவிட்டது.  

பிறவ் கெஸ்லர் ஒரு தாளைத் திருப்பிக் காட்டி ஏதோ சொன்னார். குருமூர்த்தி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“உங்க பார்ட்னர், தவராசா, அவரோட ரிசல்ட் கரெக்டா வந்திருக்கு. முப்பத்தெட்டு ப்ளஸ் பத்து, நாப்பத்தெட்டு. அப்போ நீங்க அவரைச் சரியான டைமுக்கு இழுத்திருக்கீங்க. அவர் உங்களை இழுக்கல. ஒவ்வொரு தடவையும் முப்பத்தெட்டு நிமிஷம் உள்ள விட்டிருக்கார். அப்படித்தான் கணக்கு வருது. இன்னைக்குக் காலைல அவரை விசாரிச்சாங்க. வாட்சே பாக்கலையாம் சார். ஏதோ ப்ரேயர் பண்ணி எண்ணினேன்கிறார்.”

“அவருக்கு என்ன செய்வினம்?”

“முப்பதும் கேன்சல். ஊருக்கு அனுப்பிடுவாங்க. உங்களுக்கு ஒண்ணும் இல்ல, நீங்க பாதிக்கப்பட்டவர். உங்க ஃபேமிலி விசா இன்னும் சீக்கிரம் வரும். மூணு வாரம் கழிச்சு ஒரு டெர்மின், அப்பாயின்ட்மென்ட். அப்போ வந்து, அவர் லேட்டா இழுத்தார்னு ஒரு சைன் பண்ணணும். அவ்வளவுதான்.”

தவராசா லேட்டாக இழுக்கவில்லை. அந்த ஒன்பது வருடமும் கிடங்கில் போனதல்ல. அவை நான் பிறந்ததிலிருந்தே என்னோடு இருந்தவை.

என் பெயர் சூசைதாசன் அல்ல. ஜேசுரட்ணம். சூசைதாசன் என் தம்பி. என்னைவிட ஒன்பது வயது இளையவன். எண்பத்தாறில் கடலில் துப்பாக்கிச் சூடு பட்டுச் செத்தான். எங்கள் தகப்பன் தீவில் மீன்வாடி போட்டிருந்த காலத்தில் நான் பிறந்தேன், அவர் பதிவு செய்யவில்லை. தம்பி மன்னார் ஆஸ்பத்திரியில் பிறந்தான், அவனுக்குப் பிறப்புப் பத்திரம் இருந்தது. கொழும்பில் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரன், “வயது குறைவெண்டா நல்லம், இதிலேயே போங்கோ” என்று அந்தப் பத்திரத்தை என் கையில் தந்தான். நான் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றேன். எழுத்துக் கூட்டப் படித்ததெல்லாம் இங்கே வந்து நாற்பது கடந்த பிறகுதான். எங்கள் ஆட்களில் பலபேர் அப்படி வந்தவர்கள். அண்ணன் பெயரில் தம்பி, தகப்பன் பெயரில் மகன். வயதைப் பிழையாகச் சொல்வதால் ஒருவனுக்கு நட்டம் வரும் என்று அப்போது ஆர் நினைத்தது?

கலியாணப் பத்திரமும் அதற்கேற்றபடி தயாரானது. றீற்றா ரெலிபோனில் பகிடி விடுவாள்: “பாத்தீங்களே, உங்கடை தம்பிக்கு என்னைக் கட்டி வைச்சிட்டு நீங்கள் அங்கை இருக்கிறியள்.”

அப்படித்தான் தவராசாவுக்கு நான் தம்பியானேன். அவனுக்கு முப்பத்தெட்டு, எனக்குக் கடதாசியில் முப்பத்தாறு. உண்மையில் நாற்பத்தைந்து. ஏழு வயது இளையவன் என்னை “டேய்” என்பான், நான் “அண்ணை” என்பேன். முதல் மாதம் நெஞ்சில் குத்தியது. பிறகு பழகிவிட்டது. தம்பி இருந்திருந்தால் இப்படித்தான் யாரிடமாவது பேச்சு வாங்கிக்கொண்டிருப்பான் என்று நினைத்துக்கொள்வேன். ஒவ்வொரு வருடமும் தம்பியின் பிறந்தநாளன்று ஹைமில், எங்கள் அகதி விடுதியில், எனக்குக் கேக் வெட்டினார்கள். செத்தவனுக்கு என் உடம்பில் வயது ஏறிக்கொண்டிருந்தது.

அந்த மூன்று கிழமையைப் பற்றி எழுதத்தான் கை பின்னிற்கிறது.

நாங்கள் ஹைமில் ஒரே அறை. விசாரணையிலிருந்து வந்த அன்று தவராசா கதவடியில் நின்றான். உள்ளே வரவில்லை.

“சூசை.”

“என்ன அண்ணை.”

“நான் உன்ரை ஒன்பது வருஷத்தைத் திண்டுட்டனடா.”

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். “விடுங்கோ அண்ணை” என்றேன். அதுதான் நான் சொன்னது. விடுங்கோ அண்ணை. மன்னிக்கிறவனின் குரல் மாதிரியே இருந்தது.

அன்றிலிருந்து அவன் என் உடுப்பைத் தோய்த்தான். எனக்கு முன் எழும்பித் தேத்தண்ணீர் வைத்தான். கிழமைக்கு ஒருமுறை ஹைமில் இறைச்சி தருவார்கள், தன் பங்கை என் கோப்பைக்குள் தள்ளினான். வேண்டாம் என்றால் முகம் சுருங்கிவிடும். நான் சாப்பிட்டேன். கிடங்கு விட்டும் பசி விட்டபாடில்லை. மாடிப்படி ஏறும்போது என் முழங்காலைப் பார்ப்பான். நான் இருமினால் நித்திரையிலிருந்து எழும்பி இருப்பான்.

ஒருநாள் மத்தியானம் அறைக்குள் வந்தபோது அவன் யன்னலடியில் இருந்தான். இடக்கையில் புது மணிக்கூடு, வலக்கையில் செபமாலை. வாய் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. முடிந்ததும் மணிக்கூட்டைப் பார்த்து ஒரு கடதாசித் துண்டில் எழுதினான். திரும்பவும் தொடங்கினான். துண்டில் ஒரு பக்கம் முழுக்க எழுத்து. இருபது, பத்தொன்பது, இருபது, இருபது, இருபத்தொன்று, இருபது.

“எல்லாம் சரியாத்தானே வருது அண்ணை.”

“இப்ப வருது. அண்டைக்கு வந்ததோ? நான் யோசிச்சுப் பாக்கிறன். நாலாம் பத்தில எனக்கு அம்மாவின்ரை ஞாபகம் வாறது. அப்ப சிலவேளை நிண்டிருப்பன். சொன்னதையே திரும்பச் சொல்லியிருப்பன். பதினெட்டு நிமிஷமடா, ஒவ்வொரு முறையும். என்ன செபம் சொன்னனான் நான்? ஆரைப் பாத்துச் சொன்னனான்?”

“மெசின் பிழைச்சிருக்கும்.”

“எனக்குச் சரியாச் சொல்லியிருக்கே.”

 சப்பாத்தைக் கழற்றாமல் கட்டிலில் படுத்துக்கொண்டேன். அவன் திரும்பத் தொடங்கினான். வேண்டாமென்றாலும் என் வாயும் கூடச் சொன்னது.

றீற்றாவிடம் ரெலிபோனில் எல்லாவற்றையும் சொன்னேன்.  அவள், “அந்த மனுசனுக்கு ஊரில ஆர் இருக்கினம்?” என்று கேட்டாள்.

“ஒருத்தரும் இல்லை. தாயும் செத்திட்டுது.”

“அப்ப...” என்று தொடங்கியவள் முடிக்கவில்லை. “கவிசா சப்பாத்துக்கு அளவெடுக்கச் சொல்லுறாள். அங்கை பனியாமே,” என்றாள். முடிக்காமல் விட்டது என்ன என்று எனக்குத் தெரியும். எனக்கும் அதே நினைவு வந்துதான் இருந்தது. ஆளில்லாத ஒருவன், குடும்பம் உள்ள ஒருவன். ஆனால் ஆளில்லாதவனும் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கியதும் பொலிஸ் பிடித்துக்கொண்டு போனால் அடிபடத்தான் செய்வான்.

டெர்மின் நாள் காலமை தவராசா என் சட்டையைச் சுருக்கமெடுத்து மினுக்கி வைத்திருந்தான். நான் போடும்போது பக்கத்தில் நின்றான்.

“நான் முந்தநாளே சைன் வைச்சிட்டன் சூசை. பிந்தி இழுத்தனான் எண்டு. நீ ஒண்டுக்கும் யோசியாதை. போய் வைச்சிட்டு வா. பிள்ளை வரட்டும்.”

“ஏன் அண்ணை வைச்சனீங்கள்?”

“செய்தனான்தானே.”

பிறகு கழுத்திலிருந்த செபமாலையைக் கழற்றி என் கையில் வைத்தான். மர மணிகள், கைபட்டுக் கறுத்தவை. “இது இனி என்னட்டை இருக்கக்கூடாது. உன்ரை வருஷம் இதிலதான் போனது. நீ வைச்சிரு, இல்லாட்டி எறி.”

அலுவலகத்தில் அதே கதிரை. பிறவ் கெஸ்லர் தாளை என் பக்கம் தள்ளினார். பேனையும் வைத்தார். அதில் பெயர் இருந்த இடத்தை என்னால் வாசிக்க முடிந்தது. சூசைதாசன் அந்தோனிப்பிள்ளை. குருமூர்த்தி தவராசாவின் வாக்குமூலத்தை வாசித்துக் காட்டினார்.

“‘நான் கவனமில்லாமல் எண்ணினேன். செபம் சொல்லும்போது என் மனம் வேறு இடத்தில் இருந்தது. என் நண்பனின் ஆயுளில் ஒன்பது வருடம் என்னால் போனது. என்ன தண்டனை என்றாலும் சரி.’ இதுக்குக் கீழதான் சார், இங்க.”

சட்டைப்பைக்குள் என் கை செபமாலையில் இருந்தது. விரல் தானாக ஒரு மணியிலிருந்து அடுத்த மணிக்குப் போனது.

“தம்பி,” என்றேன் குருமூர்த்தியைப் பார்த்து. “நான் சொல்லுறதை அப்பிடியே அவவுக்குச் சொல்லுங்கோ. அவன் சரியாத்தான் இழுத்தவன். முப்பது முறையும்.”

“சார், மெசின்...”

“மெசினும் சரி. எனக்கு நாப்பத்தஞ்சு வயசு.”

அவருக்கு விளங்க நேரம் எடுத்தது. பிறகு முகம் மாறியது. மெதுவாகச் சொன்னார்: “சார், இதை நான் ட்ரான்ஸ்லேட் பண்ணினா திரும்பி வாங்க முடியாது. யோசிங்க. உங்க பொண்ணு...”

“சொல்லுங்கோ.”

சொன்னார். பிறவ் கெஸ்லர் பேனையை மூடி வைத்தார். கோபப்பட்டதாகத் தெரியவில்லை. களைத்த மனுசி. ஒரு புதுத் தாள் எடுத்தார்.

“அப்படியானால் சூசைதாசன் யார்?”

“என்ரை தம்பி.”

“எங்கே இருக்கிறார்?”

“செத்திட்டான். பத்து வருஷம்.”

“உங்கள் பிறந்த திகதி?”

அது எனக்குத் தெரியாது. அந்தோனியார் திருநாள் முடிந்து சோளகக் காற்றுப் பலமாக அடித்த ஒரு நாள் என்று அம்மா சொல்லுவா. குருமூர்த்தி அதை எப்படிச் சொன்னாரோ, பிறவ் கெஸ்லர் முதலாம் மாதம் முதலாம் திகதி என்று எழுதிக்கொண்டார்.

பிறகு ஒவ்வொன்றாக விழுந்தது. முப்பது இறக்கமும் சூசைதாசன் பெயரில் நடந்தவை. சூசைதாசன் செத்தவர். செத்தவருக்கு விசா இல்லை. ஜேசுரட்ணம் என்கிற ஆள் இந்த நாட்டுக்கு இன்றைக்குத்தான் வந்திருக்கிறார், புதிதாக அன்ட்ராக், அகதி விண்ணப்பம், போட வேண்டும். அப்படியென்றால் இன்னொரு முப்பது இறங்குகிறேன் என்றேன். பிறவ் கெஸ்லர் சுவரிலிருந்த அட்டவணையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எழுபதில் ஐம்பத்தைந்து போனால் பதினைந்து. இருபதுக்குக் கீழே. விற்க ஆயுளும் மிச்சமில்லை.

“தவராசாவுக்கு?” என்று கேட்டேன்.

“அவர்மேல் குற்றமில்லை. அவருடைய விசா வரும்.”

பிறவ் கெஸ்லர் பழைய கோப்பின் மேல் அட்டையில் ஒரு முத்திரை குத்தினார். சத்தம் பலமாகக் கேட்டது. தம்பியை நாங்கள் அடக்கம் பண்ணவில்லை, உடம்பு கரைக்கு வரவில்லை. அவன் சாவுக்குக் கேட்ட முதல் சத்தம் அதுதான்.

தவராசா வெளியே சைக்கிள் நிறுத்துமிடத்தில் காத்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் சிரிக்கப் பார்த்தான்.

“முடிஞ்சுதோ? எப்ப வருவினமாம்?”

நின்றபடியே சொன்னேன். எல்லாவற்றையும், தீவு வாடியிலிருந்து.  நான் சொல்லி முடித்த பிறகு அவன் ஒரு சைக்கிளின் மணியைப் பெருவிரலால் தடவிக்கொண்டு நின்றான்.

“மூண்டு கிழமை,” என்றான்.

“ஓம்.”

“மூண்டு கிழமை ஒவ்வொரு அருள்நிறை மந்திரமா நிப்பாட்டி நிப்பாட்டிப் பாத்தனான், எங்கை பிந்தினனான் எண்டு. மாதாவை ஏசினனான். வாயால சொல்லேலாத பேச்செல்லாம். நீ பக்கத்துக் கட்டிலில கிடந்து கேட்டுக்கொண்டிருந்தனீ.”

“ஓம்.”

“என்ரை இறைச்சியையும் திண்டனீ.”

“ஓம்.”

அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும். அவன் என் முகத்தை உற்றுப் பார்த்தான். நரையை, கண்ணுக்குக் கீழே தொங்கியதை. முதல்முறையாக வயதைப் பார்த்தான். அவன் தோள் இறங்கியது.

“வாங்கோ அண்ணை,” என்றான். “குளிருது. போவம்.”

அண்ணை. ஒரு வருடமாக என் காலை மடியில் வைத்து நகம் வெட்டியவன். அன்றோடு “டேய்” போய்விட்டது. மாட்டுக் குளம்பு, சாமியார் எல்லாம் போய்விட்டன. அறைக்குள் நான் வந்தால் எழும்பி நின்றான். உப்புத் தரும்போதும் “இந்தாங்கோ” என்றான். பிழையில்லாத மரியாதை.

பின்னேரம் றீற்றாவுக்கு ரெலிபோன் அடித்தேன்.

“அப்ப அவன் செத்திட்டான்,” என்றாள், தம்பியைப் பற்றி.

“ஓம். இண்டைக்கு.”

“நான் இனிக் கடதாசியில கைம்பெண்.” சிரிக்கிறாளா என்று பார்த்தேன். லைனில் இரைச்சல்தான் இருந்தது. “புதுக் கேஸ் எவ்வளவு காலம் செல்லுமாம்?”

“எட்டு வருஷம் எண்டு சொல்லுகினம்.”

அவள் மனதுக்குள் கூட்டுவது கேட்டது. நான் கூட்டி முடித்திருந்தேன். எட்டு வருடத்தில் கவிசாவுக்குப் பத்தொன்பது. பதினெட்டு தாண்டினால் பிள்ளை என்று கூப்பிட ஏலாது. எனக்கு ஏழு வருடம் மிச்சமிருக்கும், சுவரின் கணக்குப்படி.

“அவளுக்கு இப்ப சொல்ல வேண்டாம்,” என்றாள் றீற்றா. “சப்பாத்து அளவு முப்பத்தைஞ்சாம். எண்டாலும் எழுதி வையுங்கோ.”

எழுதி வைத்தேன்.

என்னை இப்போது கயிற்றுக் கொட்டிலில் வைத்திருக்கிறார்கள். கிடங்கிலிருந்து வந்த கயிறுகளை இழுத்துப் பார்த்து, உக்கியதை வெட்டி எறிய வேண்டும். கிழவர்களுக்குத் தருகிற வேலை. சண்டை இன்னும் ஆற்றைத் தாண்டவில்லை. புதிதாக இறங்குகிறவர்கள் வருகிறார்கள், வேறு வேறு நாட்டுக்காரர். சுவரில் அவர்களுக்கும் ஒரு எண் இருக்கிறது.

தவராசாவுக்கு ஜனவரியில் விசா வந்தது. கார்ல்ஸ்ரூஹேயில் ஒரு சமையலறையில் வேலை எடுத்திருந்தான். பஸ் வருகிற இடத்துக்கு நானும் போனேன். பனி கொட்டிக்கொண்டிருந்தது. தன் பையை நான் தூக்கிவிடுவேனோ என்று பயந்தவன் போல அவனே முந்திக்கொண்டு அதைத் தோளில் போட்டான்.

“குளிருக்க நிக்காதேங்கோ அண்ணை. முழங்கால் பிடிக்கும்.”

நான் சட்டைப்பையிலிருந்து செபமாலையை எடுத்து நீட்டினேன். “உங்கடை. நான் எறியேல்லை.”

அவன் அதைப் பார்த்தான். கை முன்னால் வந்தது, பாதியில் நின்றது. ஜக்கெட் கையைச் சற்று இழுத்து மணிக்கட்டைக் காட்டினான்.

“வேண்டாம் அண்ணை. மணிக்கூடு கட்டுறன் இப்ப.”

பஸ் வந்தது. ஏறி, என் கண்ணில் படாத மற்றப் பக்கத்து யன்னலோரம் இருந்துகொண்டான்.